"முன்பணம் முழுவதும் தரப்பட மாட்டாது" என்றால் பாதி உண்டா?

வாசகர் கேள்வி:

எங்கள் குடும்பத்துக்கு ஊரில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. "நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ரசீதின் பின்பக்கம் அப்பா காலத்திலிருந்தே அடித்து வருகிறோம். சமீபத்தில் கல்யாணம் நின்றுபோன ஒரு வீட்டார், "முழுவதும் தரமாட்டோம் என்றுதானே போட்டிருக்கிறீர்கள், ஒன்றுமே தரமாட்டோம் என்று போடவில்லையே, பாதியைக் கொடுங்கள்" என்று வந்து நிற்கிறார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா அவர்கள் பக்கம்தான் நியாயம் என்கிறார். தம்பியோ இது வீம்புக்குப் பேசுவது என்கிறான். எப்படியும் ரசீதையும் கட்டண அட்டையையும் புதிதாக அடிக்கப் போகிறோம். முழு, முழுவதும், எல்லா, அனைத்து, மொத்தம் இதில் எதை எங்கே போடுவது என்று சொன்னால் உதவியாக இருக்கும். பழைய அட்டையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் மாமா சொல்வது சரி. தம்பி படித்த மாதிரியும் அந்த வரியைப் படிக்கலாம், சிக்கலே அதுதான். ஒரே வரிக்கு "ஒரு ரூபாய்கூடக் கிடையாது" என்றும் பொருள் வரும், "முழுசாகக் கிடையாது, கொஞ்சம் கிடைக்கும்" என்றும் பொருள் வரும். அந்த வீட்டார் வார்த்தையை வளைக்கவில்லை, வார்த்தை முதலிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது.

இது இன்று நேற்று வந்த குழப்பமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது: "முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்." முழுவதும், எல்லாரும், பத்தும் என்று முடிகிற சொற்களின் கடைசியில் ஒட்டியிருக்கிற அந்த "உம்" இருக்கிறதே, ஒன்றும் விடாமல் அத்தனையும் என்று காட்டுவதால் அதற்கு முற்றும்மை என்று பெயர். ஆனால் சில இடங்களில் அதே உம், மிச்சம் கொஞ்சம் இருக்கிறது என்றும் காட்டிவிடும். எங்கே என்றால், வாக்கியம் எதிர்மறையாகும்போது. "எல்லாரும் வந்திலர்" என்றால் சிலர் வந்தார்கள் என்று பொருள் கொள்ளலாம். தொல்காப்பியமும் இதைச் சொல்கிறது, அதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் "பத்தும் கொடால்". பத்தையும் கொடுத்துவிடாதே, சிலதைக் கொடு. கொடுக்கல் வாங்கல் விஷயம்தான் அங்கேயும் உதாரணமாக வந்திருக்கிறது பாருங்கள். உங்கள் மாமா இதைப் பாடமாகவே நடத்தியிருப்பார்.

பேச்சில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. "எல்லாரும் வரல" என்று எல்லாரும் மேல் அழுத்தி, கடைசியில் குரலை இழுத்து விட்டால் சிலர் வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். நிஜமாகவே யாரும் வராதபோது நாம் "எல்லாரும் வரல" என்று சொல்வதே அபூர்வம், "ஒருத்தரும் வரல" என்போம். பணம் கிடையாது என்பதற்கும் வாயில் வருவது "ஒண்ணும் தரமாட்டோம்", இல்லையென்றால் "சல்லிக்காசு தரமாட்டோம்". பேனாவை எடுத்ததும்தான் நமக்கு அந்த இயல்பு போய், கனமாக இருக்கட்டும் என்று ஒரு "முழுவதும்" போட்டுவிடுகிறோம். அச்சில் குரல் கிடையாது. படிக்கிறவர் தனக்குச் சாதகமான குரலில் படித்துக்கொள்வார், பணம் மாட்டிக்கொண்டிருக்கும்போது யாரானாலும் அப்படித்தான் படிப்பார்கள்.

வைத்தியம் ரொம்பச் சின்னது. அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். "நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் திருப்பித் தரப்படாது." இதில் முழுவதும் இல்லை, அதனால் பாதியும் இல்லை. இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டுமென்றால் "முன்பணத்தில் எந்தப் பகுதியும் திருப்பித் தரப்படாது" என்று போடலாம். "தரப்பட மாட்டாது" என்பதையும் மாற்றியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். தப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பணம் தானாக வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மாதிரி இருக்கிறது அது. தரப்படாது என்றால் போதும்.

உங்கள் அட்டையைப் பார்த்தேன், இதே தப்பு வேறு வேஷத்தில் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது. "அனைத்து அறைகளிலும் புகைபிடிக்கக் கூடாது" என்று ஒன்று. அனைத்து அறைகளிலும் கூடாது, சரி, ஏதோ ஓர் அறையில் பிடிக்கலாமா? "எந்த அறையிலும் புகைபிடிக்கக் கூடாது" என்று மாற்றுங்கள். "எல்லா வாகனங்களையும் நுழைவாயில் முன் நிறுத்தக் கூடாது" என்பதும் அப்படியே, "எந்த வாகனத்தையும்" என்று வர வேண்டும். மறுப்புச் சொல்லும் வரியில் எல்லா, அனைத்து, முழுவதும் மூன்றுக்கும் இடம் கொடுக்காதீர்கள். எந்த, எதுவும், யாரும், ஒருவரும், இவைதான் அங்கே வேலை செய்யும். அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது கூடாது, இல்லை, படாது என்று முடிகிற வரி வந்தாலே நான் முன்னால் போய் உம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுவேன், கை அப்படிப் பழகிவிட்டது.

இனி முழுமையைச் சொல்லும் சொற்களுக்கு வருவோம். எல்லாமே ஒரே பொருள், வாய்க்கு வந்ததைப் போடலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்க நான் பயன்படுத்தும் வழி எதிர்ச்சொல்லைத் தேடுவது. ஒவ்வொன்றும் எதை மறுக்க வருகிறது என்று கேட்டுக்கொண்டால் விளங்கிவிடும்.

பெயருக்கு முன்னால் வரும் "முழு" அரையையும் துண்டையும் மறுக்கிறது. மளிகைக்கடையில் முழு உளுந்து என்று கேட்டால் உடைக்காத உளுந்து. முழு முந்திரி ஒரு விலை, உடைத்த முந்திரி ஒரு விலை. முழுத்தேங்காய்க்கு எதிர் தேங்காய் மூடி. முழுக்கைச் சட்டைக்கு எதிர் அரைக்கைச் சட்டை, முழு ஆண்டுத் தேர்வுக்கு எதிர் அரையாண்டும் காலாண்டும். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் முழு எண் என்று பெயர் வைத்ததும் இதே கண்ணோட்டத்தில்தான், கால் அரை முக்கால் ஒட்டாத எண். (முந்திரி என்றதும் ஞாபகம் வருகிறது, நம் பழைய கணக்கில் முந்திரி என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. "முழு முந்திரி" என்று அந்தக் காலக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.)

பெயருக்குப் பின்னால் வரும் "முழுவதும்" வேறு ஜாதி. அது மிச்சத்தை மறுக்கிறது. ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை, இடையில் எங்கும் விட்டுப்போகாமல். "முழு நாள்" என்றால் அரை நாள் இல்லை என்று அர்த்தம், "நாள் முழுவதும்" என்றால் காலையில் ஆரம்பித்து முடியும் வரை என்று அர்த்தம். முழு நாள் பள்ளி இருந்தது, ஆனால் நாள் முழுவதும் பாடம் நடக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லலாம், முரண்பாடு இல்லை.

தொல்காப்பியர் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உரியியலில் வருகிறது: "முழுதென் கிளவி எஞ்சாப் பொருட்டே." முழுது என்ற சொல்லுக்கு எஞ்சாமை என்று பொருள், அவ்வளவுதான். நிறைவு, பெருமை, அழகு என்று எதையும் சேர்க்கவில்லை. மிச்சம் இல்லையா, அப்படியானால் முழுது. வேடிக்கை என்னவென்றால் வடமொழியில் இருந்து நம்மிடம் வந்த அகிலமும் இதே மாதிரி கட்டின சொல்தான். கிலம் என்றால் இடைவெளி, விடுபட்டது, அது இல்லாதது அகிலம். அகில இந்திய வானொலி என்னும்போது நாம் அதையெல்லாம் நினைப்பதில்லை, தமிழில் அகிலம் என்றால் உலகம் என்றே ஆகிவிட்டது. ஆனால் வழக்கு என்று வந்து உட்காரும்போது, உங்களுக்கு வந்த மாதிரி, எஞ்சியது உண்டா இல்லையா என்ற அந்தப் பழைய கேள்விதான் எழுந்து நிற்கிறது.

முழுதும் சரியா, முழுவதும் சரியா என்று சிலர் மல்லுக்கட்டுவார்கள். இரண்டும் சரி. ஒரே தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

சரி, உங்கள் அட்டைக்கு வருகிறேன். "முழு நாள் வாடகை" என்று போட்டிருக்கிறீர்கள். நம் ஊர்க் கல்யாணத்துக்கு முழு நாள் என்ற அளவே பொருந்தாது. முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு, வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், மத்தியானப் பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றி அனுப்பும்போது மூன்று மணி. அது தேதிக்கணக்கில் இரண்டு நாள், மணிக்கணக்கில் ஒரு நாள், மண்டபக்காரர் கணக்கில் ஒன்றரை நாள். இந்த இடத்தில் எந்தத் தமிழ்ச்சொல்லும் உங்களைக் காப்பாற்றாது, மணியைப் போடுங்கள்: "முதல் நாள் மாலை 4 மணி முதல் மறுநாள் மாலை 4 மணி வரை" என்று, உங்கள் வழக்கப்படி. முழு என்ற சொல்லே வேண்டாம்.

"மண்டபம் முழுவதும் குளிரூட்டப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. இது உடன்பாட்டு வரி, இலக்கணக் குழப்பம் கிடையாது, எஞ்சாமல் என்றுதான் பொருள். அதனாலேயே ஆபத்து. பந்திக் கூடத்தில் மின்விசிறிதான் என்று நீங்களே அடுத்த வரியில் சொல்கிறீர்கள்! வேர்த்து வடிய இலையில் உட்கார்ந்தவர் கேட்பார், கேட்டால் பதில் இல்லை. "மணமேடைக் கூடமும் 12 அறைகளும் குளிரூட்டப்பட்டவை" என்று உள்ளதைப் போடுங்கள்.

அந்த "12 அறைகளும்" என்பதில் இருக்கிற உம்மையும் சொல்லிவிடுகிறேன், அதையும் விட்டுவிட்டிருக்கிறீர்கள். "12 அறைகள் தரப்படும்" என்றால் உங்களிடம் 20 அறை இருக்கலாம், அதில் 12 தருகிறீர்கள். "12 அறைகளும் தரப்படும்" என்றால் இருப்பதே 12, அத்தனையும் வாடகைக்கு எடுத்தவருக்கு. ஓர் எழுத்து மாதிரிதான், ஆனால் வேற்று ஆள் யாரும் அங்கே தங்க மாட்டார்கள் என்ற உறுதியே அதில்தான் இருக்கிறது. எத்தனை என்று தெரிந்த ஒன்றைச் சொல்லும்போது இந்த உம் வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. கண் இரண்டும் சிவந்தன என்கிறோம். இரண்டு கண்கள் சிவந்தன என்றால் மற்றவை எப்படி இருக்கின்றன என்று கேட்கத் தோன்றும்.

"எல்லா", "அனைத்து" இரண்டும் எண்ணிச் சொல்லும் சாமான்களுக்கு. இவற்றுக்கு எதிர் "சில". எல்லா அறைகளும், அனைத்துப் பாத்திரங்களும். ஒற்றைப் பொருளுக்கு இவை ஒட்டாது, "எல்லா மண்டபமும்" என்றால் ஊரிலுள்ள மற்ற மண்டபங்களும் சேர்ந்துவிடும். "அனைத்து விருந்தினர்களும்" என்று போட்டிருக்கிறீர்கள். அனைத்து என்பது அஃறிணைக்கு உரியது, மனிதர்களுக்கு "அனைவரும்" என்று வர வேண்டும் என்பது மரபு. நான் "விருந்தினர் அனைவரும்" என்று திருத்திக் கொடுப்பேன். பத்திரிகை, அரசாணை, மேடை எங்கும் அனைத்து மாணவர்களும், அனைத்துத் தொழிலாளர்களும் என்று வந்தாகிவிட்டது, அதற்காக யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் உங்கள் மாமா வீட்டில் இருக்கிறாரே, அவர் கண்ணில் பட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம்.

பேச்சில் வரும் "எல்லாம்" ஒன்று இருக்கிறது, அதை விதிமுறையில் நுழைய விடாதீர்கள். "மண்டபத்துக்குள் வெடியெல்லாம் வெடிக்கக் கூடாது" என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், படத்தின் ஓரத்தில் தெரிகிறது. இந்த எல்லாம் அத்தனையும் என்ற பொருளில் வரவில்லை. வெடி, அந்த மாதிரி சமாசாரங்கள், கொஞ்சம் முகம் சுளித்து. நீயெல்லாம் ஒரு ஆளா, நான் காபியெல்லாம் குடிக்கிறதில்லை என்பதில் வருகிற அதே எல்லாம். நேரில் சொன்னால் நன்றாக இருக்கும், எழுதி ஒட்டினால் வருகிறவர்களை அதட்டுகிற மாதிரி இருக்கும்.

அடுத்து "மொத்தம்". இது கூட்டுத்தொகை. எதையெல்லாம் கூட்டியது என்று சொல்லாமல் மொத்தம் போட்டால் அது வெறும் வார்த்தை. அதோடு "மொத்த விலை" என்றால் கூட்டிய விலையா, சில்லறைக்கு எதிரான மொத்த வியாபார விலையா என்ற இன்னொரு பழைய குழப்பமும் உண்டு, உங்கள் தொழிலில் அது வராது, விடுங்கள். உங்கள் அட்டையில் மேலே "மொத்த வாடகை" என்று ஒரு தொகை, கீழே சின்ன எழுத்தில் மின்சாரம் யூனிட் கணக்கில் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, துப்புரவுக் கட்டணம் தனி, ஜிஎஸ்டி தனி. அப்புறம் எதற்கு மொத்தம்? மேலே "மண்டப வாடகை" என்று மட்டும் போடுங்கள். மற்றதையும் சேர்த்துக் கூட்டி எழுதுகிற வரிக்கு மொத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடிக்கிறேன். "பூரண" என்பது குணம், மதுவிலக்கு, கும்பம் இவற்றோடு நன்றாக இருக்கும், "பூரண வசதிகளுடன்" என்றால் எனக்குக் கொழுக்கட்டைதான் ஞாபகம் வருகிறது. "முழுமையான வசதிகளுடன்" என்பது எதையும் சொல்லவில்லை, எடுத்துவிட்டு வசதிகளை எழுதுங்கள். "வாகன நிறுத்தம் முற்றிலும் இலவசம்" என்பதில் இலவசம் போதும், முற்றிலும் சேர்த்தால்தான் சந்தேகம் வருகிறது. "பூரா", "முச்சூடும்" இரண்டும் வாய்க்கு ருசியான சொற்கள், ரசீதுக்கு வேண்டாம். ஒற்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: முழுப் பணம், எல்லாக் கட்டணங்களும், அனைத்துக் கட்டணங்களும் என்று மூன்றிலும் ஒற்று மிகும். உங்கள் அச்சகம் மூன்றிலும் விட்டிருக்கிறது.

வந்து நிற்கிற அந்த வீட்டாருக்கு என்ன சொல்வது என்பதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள், அது என் தொழில் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த வாசகம் இரண்டு பொருள் தந்தால் அதை எழுதியவருக்குப் பாதகமான பொருளையே எடுப்பது சட்டத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கொள்கை. எழுதியவர் நீங்கள். அதனால் வழக்கு, வம்பு என்று போகாமல் அந்தத் தேதிக்கு வேறு கல்யாணம் கிடைத்ததா என்று பார்த்து, கிடைத்திருந்தால் ஒரு தொகை பேசி முடிப்பது நல்லது என்பது என் எண்ணம். தம்பிக்குப் பிடிக்காது.

புதிய ரசீது வரும்வரை பழைய புத்தகத்தில் இருக்கும் தாள்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்த வரியில் "முழுவதும்" என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் நீங்களும் முன்பணம் கட்டுகிறவரும் சுருக்கொப்பம் போட்டுக்கொள்ளுங்கள், கட்டுகிற அன்றே, பணம் கைமாறும் முன்பு. ஏற்கெனவே கொடுத்துவிட்ட ரசீதுகளுக்கு இது செல்லாது, அவற்றுக்கு அந்தப் பழைய வரிதான்.